எலெக்ட்ரிக் சைக்கிளுக்கு மலிவு பேட்டரி: எதை வாங்குவது, எப்படி இணைப்பது

புதிதில் 40 கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது 15 தாண்டுவதற்குள் தளர்ந்துவிடுகிறது. ஏற்றத்தில் த்ராட்டிலைத் திருகினால் திரையில் இருந்த மூன்று கோடு ஒன்றாகக் குறைகிறது. சமதளம் வந்ததும் மறுபடி மூன்று. பேட்டரிக்கு வயதாகிவிட்டது. தயாரித்த நிறுவனத்திடம் புதிது கேட்டால் வண்டி விலையில் பெரும் பங்கைச் சொல்கிறார்கள். ஆன்லைனில் தேடினால் அதே வோல்ட்டில், கூடுதல் ஆம்பியர்-மணியோடு (அதாவது கூடுதல் கொள்ளளவோடு), பாதிக்கும் குறைவான விலையில் கிடைக்கிறது. நீல பிளாஸ்டிக் உறை சுற்றிய செங்கல் மாதிரி ஒன்று, அதன் ஒரு முனையில் சிவப்பும் கறுப்புமாக ஒயர்கள். இரண்டு ஒயர்தானே, இணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று யாருக்கும் தோன்றும்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒயரை இணைப்பது உண்மையிலேயே சுலபம், கவனமாகச் செய்தால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். உறைக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கவலை. அதனால் இருக்கிற வழிகளை இங்கே விலையை வைத்து வரிசைப்படுத்தவில்லை. எதை நாமே அளந்து பார்க்க முடியும், எதற்கு விற்பவரின் சொல்லை மட்டும் நம்ப வேண்டியிருக்கிறது, அந்தச் சொல் பொய்யானால் என்ன நடக்கும் என்று பார்த்துத்தான் ஒப்பிட்டிருக்கிறேன்.

உங்கள் வண்டி எந்த ரகம்

எதையும் வாங்குவதற்கு முன் பேட்டரியைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் எத்தனை முனைகள் இருக்கின்றன என்று பாருங்கள். தடித்த முனைகள் இரண்டு மட்டும் இருந்தால் உங்கள் பேட்டரி பேசாத ரகம். கன்ட்ரோலருக்கு, அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்துவிடும் பெட்டிக்கு, மின்சாரம் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. தடித்த இரண்டோடு மெல்லிய முனைகளும் இருந்தால், பேட்டரியும் மோட்டாரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம். போஷ், ஷிமானோ, யமஹா போன்ற நிறுவனங்களின் மோட்டார்கள் இந்த வகை. இவற்றில் வோல்ட் சரியாக இருந்தாலும் வேறு பேட்டரியை மோட்டார் ஏற்றுக்கொள்ளாது. தகவல் முனைகளை ஏமாற்றி வேலை செய்ய வைக்கும் வழிகளைச் சிலர் சொல்வார்கள். வெப்பம் ஏறினால் 'நிறுத்து' என்று சொல்லும் குரலையும் சேர்த்தே அது அடைத்துவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இந்த ரக வண்டி வைத்திருப்பவர்களுக்கு அசல் பேட்டரிதான் வழி, அல்லது அந்த மாடலில் அனுபவமுள்ள ஒருவரிடம் செல் மாற்றிக்கொள்ளலாம். மலிவு பேக் (செல்களைச் சேர்த்துக் கட்டிய பேட்டரி) பற்றிக் கீழே சொல்வது எல்லாம் பேசாத ரகத்துக்கு.

அடுத்தது வோல்ட். 36, 48, 52 என்பதெல்லாம் பெயருக்குத்தான். உள்ளே எத்தனை செல் தொடராக, ஒன்றன்பின் ஒன்றாக, இருக்கிறது என்பதே உண்மையான கணக்கு. சாதாரண லித்தியம் அயான் செல் முழுக்க ஏறினால் 4.2 வோல்ட். 36 வோல்ட் பேக்கில் 10 செல் தொடராக இருக்கும், அதனால் முழு சார்ஜில் 42 வோல்ட். 48-இல் 13 செல், 54.6 வோல்ட். 52-இல் 14 செல், 58.8 வோல்ட். உங்கள் சார்ஜரின் அடியில் இந்த எண்களில் ஒன்று அச்சாகியிருக்கும், பழைய பேட்டரியில் எத்தனை தொடர் என்பதை அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். 48 வோல்ட் கன்ட்ரோலரில் 52 வோல்ட் பேட்டரி போட்டால் வேகம் கூடும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். கூடும். ஆனால் அந்தக் கன்ட்ரோலர்கள் பலவற்றில் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர் 63 வோல்ட்டுக்கானது, 58.8 அந்த எல்லையை ஒட்டியது. கன்ட்ரோலரைத் திறந்து கெப்பாசிட்டரில் அச்சாகியிருப்பதைப் படிக்காமல் அதைச் செய்யாதீர்கள்.

மூன்றாவது, கன்ட்ரோலர் எவ்வளவு ஆம்பியர் இழுக்கும் என்பது. லேபிளில் 15 என்றோ 22 என்றோ இருக்கும். மலிவு பேட்டரி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பார்க்கத் தவறும் எண் இதுதான்.

அசல் பேட்டரி

நீண்ட நேரம் பேச ஒன்றுமில்லை. விலை அதிகம், பொருத்தினால் ஓடும், உத்தரவாதம் உண்டு. வாங்கும்போது தயாரிப்புத் தேதியை மட்டும் பாருங்கள். மூன்று வருடம் கிடங்கில் கிடந்த 'புது' பேட்டரி ஏற்கெனவே கொஞ்சம் வயதானதுதான். லித்தியம் செல் சும்மா வைத்திருந்தாலும் தேயும், முழு சார்ஜில் வெப்பமான இடத்தில் வைத்திருந்தால் இன்னும் வேகமாகத் தேயும்.

பழைய பெட்டிக்குள் புது செல்

எனக்கு மிகவும் பிடித்த வழி இது, ஒரு நிபந்தனையோடு. பெட்டி, பூட்டு, உட்காரும் இடம், கனெக்டர் எல்லாம் அப்படியே இருக்கும். உள்ளே தேய்ந்துபோன செல்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைக்கிறார்கள். வண்டிப் பக்கம் ஒரு ஒயரைக்கூடத் தொட வேண்டாம்.

செய்கிறவருக்கு அனுபவம் இருக்க வேண்டும் என்பதுதான் அந்த நிபந்தனை. பேட்டரியை அணைத்துவிட்டு வேலை செய்ய முடியாது. செல்கள் எப்போதும் விழித்திருக்கும். வீட்டு வயரிங்கில் மெயினை இறக்கிவிட்டு வேலை செய்து பழகியவர்களுக்கு இது புதிது. 13 தொடரில் ஒரு திருப்புளி தவறி விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாயும். செல்லின் மீது சால்டரிங் அயர்ன் வைப்பதும் ஆபத்து. உள்ளிருக்கும் மெல்லிய பிரிப்பான் அந்தச் சூட்டில் சேதமாகிவிடும். அதனால்தான் நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்கிறார்கள். முதல் முறையாக ஒருவர் வீட்டில் செய்யக்கூடிய வேலை இல்லை இது.

செய்து தருகிறவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த நிறுவனத்தின் எந்த மாடல் செல் போடுகிறீர்கள்? ஸ்பாட் வெல்டிங்கா சால்டரிங்கா? எல்லா செல்லையும் மாற்றுகிறீர்களா, கெட்டதை மட்டுமா? முடித்த பிறகு எத்தனை ஆம்பியர்-மணி வருகிறது என்று அளந்து காட்டுவீர்களா? மூன்றாவது கேள்விக்கு "கெட்டதை மட்டும்" என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். புதிதும் பழையதும் ஒரே தொடரில் இருந்தால் பழையது ஒவ்வொரு முறையும் முதலில் காலியாகும், முதலில் நிரம்பவும் செய்யும். சில நாளில் பேக் மறுபடி பழைய நிலைக்கே வந்துவிடும்.

சில பேட்டரிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. செல்லைப் பிரித்த நொடியில் உள்ளிருக்கும் பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்து, எல்லை மீறினால் மின்சாரத்தை வெட்டும் சர்க்யூட்) அதைக் கோளாறாகப் பதிந்துகொண்டு பூட்டிக்கொள்ளும். அந்த மாடலை அவர் முன்பு செய்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பெயர் சொல்லி விற்கும் பேக்

அசலுக்கும் மலிவுக்கும் நடுவில் ஒரு ரகம் உண்டு. செல் எந்த நிறுவனத்துடையது, மாடல் என்ன, தொடர் எத்தனை, இணை எத்தனை, பிஎம்எஸ் தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று எல்லாவற்றையும் எழுத்தில் தருகிற தயாரிப்பாளர்களின் பேக். விலை மலிவு பேக்கைவிட அதிகம், பொதுவாக அசலைவிடக் குறைவு. பேசாத ரக வண்டிக்கு, செல் மாற்றித் தர நல்ல ஆள் கிடைக்காவிட்டால், என் தேர்வு இதுதான்.

இங்கே சான்றிதழ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இலகு மின்வாகன பேட்டரிகளுக்கான தரம் யுஎல் 2271, ஐரோப்பாவில் ஈஎன் 50604-1. யுஎன் 38.3 என்பது பேட்டரியைப் பாதுகாப்பாகக் கொண்டு செல்ல முடியுமா என்று பார்க்கும் சோதனை. அது தேவைதான், ஆனால் அதை மட்டும் காட்டி "சோதிக்கப்பட்டது" என்று விற்றால் அது போதாது. சிஇ என்ற முத்திரையைப் பெரும்பாலும் தயாரிப்பாளரே தன் பொறுப்பில் போட்டுக்கொள்ளலாம். ஸ்டிக்கரைப் பார்க்காமல் சான்றிதழ் எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். எண் தரத் தயங்குகிற விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

நீல செங்கல்

சரி, எல்லாரும் பார்க்கும் மலிவு பேக்குக்கு வருவோம். உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது, ஆனால் சிலவற்றைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம்.

முதல் சோதனை எடை. 48 வோல்ட், 20 ஆம்பியர்-மணி என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். பெரும்பாலான பேக்கில் இருப்பது 18650 செல், அதாவது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த அளவில் நல்ல செல் ஒன்று அதிகபட்சம் 3.5 ஆம்பியர்-மணி வரை தரும், எடை 48 கிராம் அளவில் இருக்கும். 20 ஆம்பியர்-மணி வேண்டுமானால் 6 செல் இணையாக, 13 தொடராக, மொத்தம் 78 செல். செல் மட்டுமே சுமார் 3.7 கிலோ. மலிவு பேக்கில் அத்தனை நல்ல செல் இருக்காது, 2.5 ஆம்பியர்-மணி செல்தான் இருக்கும். அப்போது 104 செல், ஒன்று 45 கிராம் என்றாலும் 4.7 கிலோ. விளம்பரத்தில் 'எடை 3 கிலோ' என்று இருந்தால் அந்த 20 என்ற எண் பொய். வேறு எந்தக் கருவியும் வேண்டாம், சமையலறைத் தராசு போதும். அதேபோல 18650 செல் ஒன்றுக்கு 9900 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். அந்த அளவில் அப்படி ஒரு செல் கிடையாது.

இரண்டாவது சோதனை, சுமையில் வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்பது. முழு சார்ஜில் ஓய்வாக 54 வோல்ட் காட்டும் பேக், 20 ஆம்பியர் இழுக்கும்போது 51-க்கு இறங்கினால் பரவாயில்லை. 48-க்கு இறங்கினால் யோசிக்க வேண்டும். அந்த 6 வோல்ட் எங்கே போகிறது? 6 பெருக்கல் 20, அதாவது 120 வாட், பெரும்பகுதி பேட்டரிக்குள்ளேயே சூடாக மாறுகிறது. இரண்டு 60 வாட் சால்டரிங் அயர்னைப் பெட்டிக்குள் வைத்து மூடினால் எப்படியோ அப்படி. ஏற்றம் முடிந்ததும் பேக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைத்திருக்க முடியாத சூடு வந்தால் அந்தப் பேக்கை அதோடு நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது, கொள்ளளவு. பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே டிசி வாட் மீட்டர் ஒன்றை மாட்டி, முழு சார்ஜில் கிளம்பி, வண்டி நிற்கும் வரை ஓட்டுங்கள். மீட்டர் எத்தனை ஆம்பியர்-மணி காட்டுகிறதோ அதுதான் உண்மை. 20 என்று வாங்கியது 12 காட்டினால் பணம் போனது மட்டுமல்ல பிரச்சினை. இணையாக இருக்கும் செல்கள் குறைவு, ஒவ்வொரு செல்லும் அதிக ஆம்பியரைச் சுமக்கிறது என்றும் அர்த்தம்.

இந்த மூன்றிலும் தேறினாலும் கண்ணுக்குத் தெரியாத ஒன்று மிச்சம் இருக்கும். அதை எனக்குக் காட்டியது நான் வாங்கிய ஒரு பேக்தான். எட்டாவது மாதத்தில் திடீரென்று அதன் ஓட்டம் பாதியாகக் குறைந்தது. உறையை வெட்டிப் பிரித்து ஒவ்வொரு தொடரையும், அதாவது இணையாகச் சேர்ந்த ஒவ்வொரு செல் கூட்டத்தையும், அளந்தேன். பன்னிரண்டு தொடர் 3.9 வோல்ட், ஒன்று மட்டும் 2.1. அந்த இடத்தில் பிஎம்எஸ்ஸுக்குப் போகும் மெல்லிய வெள்ளை ஒயர் ஒன்று, நிக்கல் பட்டையின் கூரான மூலைக்கு மேலே வளைந்து போயிருந்தது. இடையில் காகிதம்கூட இல்லை. எட்டு மாத அதிர்வில் பட்டையின் மூலை ஒயரின் மேல் தோலில் ஒரு பள்ளம் போட்டிருந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் பள்ளத்தின் அடியில் செம்பு பளிச்சென்று தெரிந்தது. அந்த ஒயர் மூன்று தொடர் தள்ளியிருந்த செல்லுக்கு உரியது. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் அங்கே நேரடி ஷார்ட். வீட்டுக்குள், படுக்கையறைக்கு வெளியே நின்றுதான் அந்த வண்டி தினமும் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது.

நல்ல பேக்கில் அந்த இடத்தில் தடித்த மின்காப்புக் காகிதம் இருக்கும். ஒவ்வொரு செல்லின் பாசிட்டிவ் முனையிலும் காகித வளையம் இருக்கும். செல்களைப் பிடித்திருக்க பிளாஸ்டிக் தாங்கி இருக்கும். உறைக்கு வெளியிலிருந்து இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. மலிவு பேக்கில் நாம் விற்பவரை நம்பி ஏற்றுக்கொள்வது இதைத்தான்.

அதனால் மலிவு பேக் வாங்கியே ஆக வேண்டும் என்றால் என் நிபந்தனைகள் இவை. 15 ஆம்பியர் அளவிலான சிறு கன்ட்ரோலருக்கு மட்டும் வாங்குங்கள். அதற்கு 30 ஆம்பியர் தாங்கும் பிஎம்எஸ் உள்ளதாகப் பாருங்கள். உறை மட்டும் சுற்றியதாக இல்லாமல் கெட்டியான பெட்டியோடு வருவதை எடுங்கள். வீட்டிலிருந்து வெளியேறும் வழியில் வைத்து சார்ஜ் செய்யாதீர்கள். 22, 30 ஆம்பியர் இழுக்கும் வண்டிக்கு மலிவு பேக் வேண்டாம்.

எல்எஃப்பி என்றால்

லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லை இரண்டு காரணத்துக்காக எனக்குப் பிடிக்கும். சாதாரண லித்தியம் அயான் செல்லைவிட அதிக வெப்பத்தில்தான் அது சிதையத் தொடங்கும், சிதைந்தாலும் தீயின் வேகம் குறைவு. ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றலாம். அதே ஆற்றலுக்கு எடையும் இடமும் கணிசமாகக் கூடும் என்பதுதான் குறை. பின்புற கேரியரில் வைக்க இடம் உள்ள சரக்கு சைக்கிளுக்கு நல்ல தேர்வு, ஃப்ரேமுக்குள் ஒடுங்கும் பெட்டிக்குக் கஷ்டம். இதன் வோல்ட் வெகுநேரம் ஒரே மட்டத்தில் நின்று கடைசியில் சட்டென்று விழும், அதனால் திரையில் வரும் கோடுகளை நம்ப முடியாது. சார்ஜரையும் கட்டாயம் மாற்ற வேண்டும். 16 தொடர் எல்எஃப்பி முழு சார்ஜில் 58.4 வோல்ட், 14 தொடர் சாதாரண செல் 58.8. எண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இரண்டு வழிகள் வேண்டவே வேண்டாம்

பழைய லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து எடுத்த செல்லில் பேக் கட்டுவது ஒன்று. ஒவ்வொரு செல்லும் ஒரு வயது, ஒரு கதை. லேப்டாப் மெதுவாக இழுக்கும், சைக்கிள் ஏற்றத்தில் பிடுங்கும். வெளியே நன்றாகத் தெரிகிற செல் உள்ளே தானாகவே கசிந்து காலியாகிக்கொண்டிருக்கும். விளக்குக்கும் ரேடியோவுக்கும் அது போதும், சைக்கிளுக்குப் போதாது.

பழைய பேட்டரியோடு புதியதை இணையாகச் சேர்த்துத் தூரத்தைக் கூட்டுவது இன்னொன்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பழையது 48 வோல்ட்டில், புதியது 54-இல் இருக்கும்போது சேர்த்தால், நடுவில் உள்ள 6 வோல்ட்டைத் தடுக்க இரண்டு பேட்டரியின் உள் எதிர்ப்பும் ஒயரும் மட்டும்தான். அது மொத்தம் 0.15 ஓம் என்றால் 40 ஆம்பியர் பழையதற்குள் பாயும். சார்ஜரே 2 அல்லது 3 ஆம்பியர்தான் கொடுக்கும். அதுவும் சார்ஜ் வாசல் வழியாக இல்லாமல் பின்வாசல் வழியாக அந்த 40 நுழைகிறது. இரண்டு பேட்டரி வேண்டுமென்றால் ஒன்று தீர்ந்ததும் கழற்றி மற்றதை மாட்டுங்கள்.

பிஎம்எஸ்ஸை எவ்வளவு நம்பலாம்

பிஎம்எஸ் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று பலர் சொல்வார்கள். ஒரு தொடர் 4.25 வோல்ட் அளவைத் தாண்டினால் சார்ஜை வெட்டுவதும், 2.8 அளவுக்குக் கீழே போனால் மோட்டாரை வெட்டுவதும் அதன் வேலை. வெட்டுவது மாஸ்ஃபெட் எனும் சின்னச் சின்ன மின்னணு சுவிட்சுகள். மாஸ்ஃபெட் கெட்டால் பல நேரங்களில் திறந்த நிலையில் கெடாது, ஒட்டிக்கொண்டு கெடும். வண்டி வழக்கம்போல ஓடும், சார்ஜும் ஏறும், காவல் போய்விட்டது என்று வெளியே யாருக்கும் தெரியாது. அதனால் பிஎம்எஸ்ஸைக் கடைசிக் காவலாக மட்டும் கருதுங்கள். முதல் காவல் சரியான சார்ஜர்.

36 வோல்ட் பேட்டரிக்கும் 48 வோல்ட் பேட்டரிக்கும் ஒரே மாதிரி வட்ட முனை வைத்த சார்ஜர்கள் நிறைய உண்டு. வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் என்றாவது ஒருநாள் மாறிப்போகும். 42-இல் நிற்க வேண்டிய பேக்குக்கு 54.6 வோல்ட் சார்ஜர். பிஎம்எஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு செல்லும் 4.2-ஐத் தாண்டி 5.4 நோக்கித் தள்ளப்படும். தீ பிடிக்க அது போதும். முனையையே வேறு வேறாக மாற்றிவிடுங்கள். முடியாவிட்டால் சார்ஜரிலும் பேட்டரியிலும் ஒரே நிற டேப்பைச் சுற்றிவையுங்கள். புது சார்ஜரை மாட்டும் முன் மல்டிமீட்டரில் அதன் வோல்ட்டை ஒருமுறை அளந்துவிடுங்கள்.

இன்னொரு நுணுக்கம். பல பேக்கில் மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயர் ஒரு ஜோடி, சார்ஜுக்கு மெல்லிய ஜோடி தனியாக இருக்கும். இப்படித் தனி வாசல் வைத்த பேக்கில் தடித்த ஒயர் வழியாகச் சார்ஜ் செய்தால், அளவுக்கு மீறி ஏறுவதைத் தடுக்கும் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறோம். வசதியாக இருக்கிறது என்று அந்தப் பக்கம் சார்ஜர் மாட்டவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும் கன்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் இந்த வகைப் பேக்கில் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

ஒயர் வேலை

மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிடுங்கள். மல்டிமீட்டரில் சிவப்பு ஒயர் வோல்ட் துளையில் இருக்கிறதா என்று பாருங்கள். 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது பேட்டரியைத் தொட்டால் அந்த மீட்டரே ஷார்ட் ஒயராக மாறிவிடும். பிறகு புது பேக்கின் முனைகளை அளந்து பாசிட்டிவ் எது என்று உறுதி செய்யுங்கள். சிவப்பு என்பதால் பாசிட்டிவ் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தலைகீழாக மாட்டினால் கன்ட்ரோலர் அந்த நொடியே போய்விடும்.

கனெக்டர் மாற்ற வேண்டியிருந்தால், முடிந்தவரை வண்டிப் பக்கத்தை மாற்றுங்கள், அங்கே மின்சாரம் இல்லை. பேட்டரிப் பக்கத்தைத்தான் வெட்ட வேண்டும் என்றால் ஒரு நேரத்தில் ஒரு ஒயர் மட்டும். கறுப்பை வெட்டி, சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் டியூப் ஏற்றி முடித்த பிறகுதான் சிவப்பைத் தொட வேண்டும். இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டினால் கட்டரின் பல்லே இரண்டையும் சேர்த்துவிடும். 25 ஆம்பியர் வரை எக்ஸ்டி60 போதும், அதற்கு மேல் எக்ஸ்டி90. உலோகம் வெளியே நீட்டாத பெண் கனெக்டர் பேட்டரிப் பக்கம் இருக்க வேண்டும். ஒயர் 12 கேஜ் சிலிக்கான், குறுக்களவு சுமார் 3.3 சதுர மில்லிமீட்டர். 15 ஆம்பியர் வண்டிக்கு 14 கேஜ் போதும். சால்டர் ஊறிய இடத்துக்கு அடுத்து ஒயர் விறைத்துப்போகும், அதிர்வில் அங்கேதான் ஒடியும். அந்த இடத்தை ஃப்ரேமோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

ஃப்யூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில், பாசிட்டிவ் ஒயரில் வர வேண்டும். 20 ஆம்பியர் கன்ட்ரோலருக்கு 30 ஆம்பியர் ஃப்யூஸ். இங்கே பலர் செய்யும் தவறு, கார் கடையில் கிடைக்கும் சாதாரண பிளேடு ஃப்யூஸைப் போடுவது. அது 32 வோல்ட்டுக்கானது. 54 வோல்ட் டிசியில் உருகினாலும் இடைவெளியில் நெருப்புப்பொறி தொடர்ந்து எரியலாம். ஃப்யூஸின் மேல் எழுதியிருக்கும் வோல்ட், உங்கள் பேட்டரியின் முழு சார்ஜ் வோல்ட்டைவிட அதிகமாக இருக்க வேண்டும், டிசி என்றும் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

அப்புறம் அந்த 'டப்' சத்தம். பேட்டரியை மாட்டும்போது கன்ட்ரோலரின் காலியான கெப்பாசிட்டர் ஒரே இழுப்பில் நிரம்புவதால் பொறி பறக்கும். ஒவ்வொரு முறையும் கனெக்டர் கொஞ்சம் கருகும். பொறியைத் தடுக்கும் ரெசிஸ்டர் உள்ளேயே இருக்கும் எக்ஸ்டி90-எஸ் அதற்கான தீர்வு.

முதல் முறை மாட்டும்போது நான் செய்வது இது. டிஸ்ப்ளே அணைந்திருக்கட்டும். நெகட்டிவை இணைத்துவிட்டு, பாசிட்டிவுக்கு நடுவே 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இடுக்கியால் பிடித்து இரண்டு மூன்று நொடி தொடுவேன். மீட்டர் கன்ட்ரோலரின் முனைகளில் இருக்கும். வோல்ட் மெல்ல ஏறி பேட்டரி அளவுக்குப் பக்கத்தில் வந்தால் எல்லாம் சரி. 1 வோல்ட்டிலேயே நின்றால் தலைகீழாக இருக்கிறது அல்லது எங்கோ ஷார்ட். அந்த நிலையில் ரெசிஸ்டர் வேகமாகச் சுடும், உடனே எடுத்துவிட வேண்டும். ஆனால் கன்ட்ரோலர் பிழைத்துவிடும்.

கடைசியாக, பேக்கை ஃப்ரேமில் பொருத்துவது. நீல உறை மட்டும் உள்ள பேக்கை பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டினால் போல்ட் தலையும் ஃப்ரேம் விளிம்பும் அதைக் குத்திக்கொண்டே இருக்கும். கெட்டியான பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் ஃபோம் வைத்து, அசையாமல், ஆனால் நசுங்காமல் உட்கார வையுங்கள். ஒயர் வெளியே வரும் துளையில் ரப்பர் வளையம் போடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது

பேசும் ரக மோட்டார் என்றால் அசல்தான். அந்த மாடலைச் செய்து பழகியவர் கிடைத்தால் செல் மாற்றலாம். பேசாத ரகத்தில், பெட்டி நன்றாக இருந்து, நான்கு கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லும் ஒருவர் அருகில் இருந்தால் செல் மாற்றுவதைத் தேர்ந்தெடுப்பேன். இல்லாவிட்டால் செல் பெயரைச் சொல்லி விற்கும் பேக். எடையைச் சுமக்க முடிந்தால் எல்எஃப்பி. மலிவு பேக், சிறு கன்ட்ரோலர் உள்ள வண்டிக்கு, மேலே சொன்ன நிபந்தனைகளோடு மட்டும். வீட்டுக்கு ஒரே வாசல், சார்ஜ் செய்ய வெளியிடம் இல்லை, மாடியில் குழந்தைகள் தூங்குகிறார்கள் என்றால், தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். பணம் சேரும் வரை பழைய பேட்டரியிலேயே குறைந்த உதவி நிலையில் ஓட்டுங்கள், அது வீங்காமலும் சூடேறாமலும் இருக்கும் வரை.

எதை வாங்கினாலும் முதல் ஐந்து சார்ஜை விழித்திருக்கும்போது, பக்கத்தில் இருந்து செய்யுங்கள். அரை மணிக்கு ஒருமுறை பேக்கின் எல்லாப் பக்கத்தையும் தொட்டுப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் சூடாக இருந்தால் அந்தத் தொடரில் ஏதோ இருக்கிறது. உறையும் குளிரில் வெளியே நின்ற வண்டியை உடனே சார்ஜில் போடாமல், பூஜ்ஜியம் டிகிரிக்கு மேல் வரும் வரை காத்திருங்கள். சார்ஜ் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து வோல்ட்டை அளந்து ஒரு தாளில் எழுதிவையுங்கள், மறுநாள் காலையில் ஓட்டுவதற்கு முன் மறுபடி அளந்து எழுதுங்கள். ஒரே இரவில் அரை வோல்ட்டுக்கு மேல் இறங்கியிருந்தால் அந்தப் பேக்கைத் திருப்பி அனுப்புங்கள். கழற்றிய பழைய பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் அதுவும் தீப்பிடிக்கும்.